கலெக்டர்ஸ் எடிஷன் டிஸ்க்குகள்: சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலெக்டர்ஸ் எடிஷன் என்றால் சரியாக என்ன?

வரையறை எதுவும் கிடையாது. ஸ்டுடியோ எதன் மேல் அந்தப் பெயரை அச்சடிக்கிறதோ அதுதான் கலெக்டர்ஸ் எடிஷன். 'அல்டிமேட்', 'லிமிடெட்', 'டீலக்ஸ்', 'ஆனிவர்சரி' எல்லாமே விற்பனைப் பிரிவு சூட்டும் பெயர்கள்தான். ஒரு படத்துக்கு 'அல்டிமேட்' வந்த பிறகு 'எக்ஸ்ட்ரீம்' வருவதும் உண்டு. டெர்மினேட்டர் 2-க்கு 2000-இல் அல்டிமேட், 2003-இல் எக்ஸ்ட்ரீம், 2009-இல் ஸ்கைநெட் எடிஷன் என்று வரிசையாக வந்தன.

அதனால் பெயரை விட்டுவிடுங்கள். பெட்டியில் இருப்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: டிஸ்க்குக்குள் இருப்பது ஒன்று, டிஸ்க்குக்கு வெளியே இருப்பது இன்னொன்று. படத்தின் எந்த வெர்ஷன், எந்த மாஸ்டர் (டிஸ்க் தயாரிக்க அடிப்படையாகும் மூலப்பிரதி), எந்த ஒலி, என்னென்ன ஆவணப்படங்கள் என்பவை முதல் வகை. பொம்மை, போஸ்டர், புத்தகம், தகரப்பெட்டி இரண்டாம் வகை. என் கட்சி முதல் வகை. கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

டிவிடிக்கு முன்பிருந்த பெரிய தட்டான லேசர்டிஸ்க் காலத்தில். க்ரைட்டீரியன் நிறுவனம் 1984-இல் 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' இரண்டையும் லேசர்டிஸ்க்கில் வெளியிட்டது. 'கிங் காங்' டிஸ்க்கில் படம் ஓடும்போதே திரைப்பட வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹேவர் பேசிக்கொண்டு வருவார். இன்று நாம் ஆடியோ கமெண்டரி என்று சொல்வதன் தொடக்கம் அதுதான். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி', 'ப்ளேட் ரன்னர்', 'குளோஸ் என்கவுண்டர்ஸ்' ஆகிய படங்களும் க்ரைட்டீரியன் லேசர்டிஸ்க்கில் வந்தன. சிஏவி என்ற உயர்தர முறையில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான் கொள்ளும். ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் பலமுறை எழுந்து டிஸ்க்கைத் திருப்ப வேண்டும். பதிலுக்கு, ஒவ்வொரு ஃபிரேமையும் தெளிவாக நிறுத்திப் பார்க்கலாம். விண்கல மாடல்களை அங்குலம் அங்குலமாக ஆராயும் கூட்டம் அப்போதே உருவாகிவிட்டது.

இதுவரை வந்ததில் முன்மாதிரி என்று எதைச் சொல்லலாம்?

2007 டிசம்பரில் வந்த ப்ளேட் ரன்னர் ஐந்து டிஸ்க் தொகுப்பு. பலர் நினைவில் வைத்திருப்பது அதன் கைப்பெட்டியைத்தான். ஸ்பின்னர் வாகன பொம்மையும் காகித யூனிகார்ன் உருவமும் வைத்த பெட்டி அது. ஆனால் உண்மையான சரக்கு உள்ளே இருந்த ஐந்து வெர்ஷன்கள்: 1982 அமெரிக்க வெளியீடு, கொஞ்சம் கூடுதல் வன்முறையுள்ள சர்வதேச வெளியீடு, 1992 டைரக்டர்ஸ் கட், 2007 ஃபைனல் கட், அதோடு 1982-இல் டென்வரிலும் டாலஸிலும் முன்னோட்டமாகக் காட்டப்பட்ட வொர்க்பிரிண்ட், அதாவது முழுதாக முடியாத வேலைப்பிரதி.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஸோரா என்ற பாத்திரம் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடி விழும் இடம். பழைய பிரதிகளில் அங்கே ஓடுவது ஸ்டன்ட் கலைஞர் என்பது விக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபைனல் கட்டுக்காக நடிகை ஜோவானா காசிடியையே மறுபடி வரவழைத்துப் படம்பிடித்து, அந்த முகத்தை ஸ்டன்ட் கலைஞர் மீது பொருத்தினார்கள். கடைசியில் ராய் பேட்டி என்ற பாத்திரம் கைவிடும் புறா, பழைய பிரதியில் மழைக்குச் சம்பந்தமே இல்லாத பகல் வானத்தில் பறக்கும். புதியதில் அந்த வானம் படத்தின் இருளோடு ஒன்றிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பார்த்து, எங்கே திருத்தினார்கள், எங்கே விட்டுவைத்தார்கள் என்று ஒப்பிடலாம். அதற்கு வழி செய்யும் டிஸ்க்கைத்தான் நான் கலெக்டர்ஸ் எடிஷன் என்பேன். மூன்றரை மணி நேர 'டேஞ்சரஸ் டேஸ்' ஆவணப்படத்துக்காகவே தொகுப்பை வாங்கியவர்களும் உண்டு.

புதுப்படம் டிஸ்க்கில் வந்தவுடன் வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பெரிய பட்ஜெட் படம் என்றால் காத்திருங்கள். அவதார் படத்தின் கதையே போதும். 2010 ஏப்ரல் 22 அன்று டிவிடியும் ப்ளூரேயும் வந்தன. படத்தைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ஏழு மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், மூன்று டிஸ்க் எக்ஸ்டெண்டட் கலெக்டர்ஸ் எடிஷன் வந்தது. 162 நிமிட தியேட்டர் வெர்ஷன், மறுவெளியீட்டு வெர்ஷன், பூமியில் தொடங்கும் 178 நிமிட நீள வெர்ஷன் என மூன்றும் அதில் இருந்தன. ஏப்ரலில் வாங்கியவர்கள் மறுபடி வாங்கினார்கள். இப்படி ஒரே ரசிகரிடம் ஒரே படத்தை இரண்டு முறை விற்பதை டபுள் டிப் என்று சேகரிப்பாளர்கள் கசப்போடு சொல்வார்கள்.

இன்னும் பாகங்கள் வரவிருக்கும் தொடரின் 'முழுத் தொகுப்பு' என்று விற்பதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். அடுத்த பாகம் வந்ததும் அந்தப் பெட்டி முழுத் தொகுப்பு இல்லை.

4கே என்று போட்டிருந்தால் உண்மையிலேயே 4கே-வா?

எல்லா நேரமும் அப்படி இல்லை. 4கே என்றால் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய நாலாயிரம் புள்ளிகள், 2கே என்றால் இரண்டாயிரம். 2000-க்குப் பிறகு வந்த பல பிரம்மாண்டப் படங்களின் இறுதி மாஸ்டர் 2கே அளவில்தான் முடிக்கப்பட்டது. கிராஃபிக்ஸ் காட்சிகளை 4கே-யில் ரெண்டர் செய்வது நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் என்பதே காரணம். அந்த 2கே மாஸ்டரைப் பெரிதாக்கித்தான் 4கே டிஸ்க் செய்கிறார்கள். 2002-இல் வந்த 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படப்பிடிப்பிலேயே 1080 வரி (ஏறக்குறைய 2கே) டிஜிட்டல் கேமராவால் எடுக்கப்பட்டது. இல்லாத நுணுக்கத்தை எந்த டிஸ்க்கும் கொண்டுவர முடியாது.

பழைய படங்கள் இதற்கு நேர்மாறு. 2018-இல் 4கே டிஸ்க்காக வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' 1968-இல் வெளியான, 65 மிமீ ஃபிலிமில் எடுத்த படம். ப்ளேட் ரன்னர் ஃபைனல் கட்டுக்கு 35 மிமீ நெகடிவை 4கே-யிலும், 65 மிமீ ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பகுதிகளை 8கே-யிலும் ஸ்கேன் செய்தார்கள். ஆகவே ஐம்பது வயதுப் படம் பத்து வயதுப் படத்தைவிடக் கூர்மையாகத் தெரிவதில் அதிசயம் இல்லை.

பெரிதாக்கிய 4கே டிஸ்க்கும் வீண் அல்ல. ஹெச்டிஆர் ஒளி (இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே கூடுதல் வீச்சு), விரிந்த வண்ணப்பரப்பு, குறைந்த சுருக்கம் ஆகியவற்றால் ப்ளூரேயைவிட நன்றாகவே இருக்கும். விண்வெளிக் காட்சிகளில், முழுக் கறுப்பும் அதில் சுடரும் நட்சத்திரமும் ஒரே ஃபிரேமில் வரும்போது, வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

'புதிதாக ரீமாஸ்டர் செய்தது' என்றால் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சண்டை நடக்கிறது. ஃபிலிமில் எடுத்த படத்தில் நுண்துகள்கள், அதாவது கிரெய்ன், இருக்கத்தான் செய்யும். பிம்பமே அதனால்தான் ஆனது. டிஜிட்டல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு அதைத் துடைத்தால் தோலின் துவாரமும் துணியின் இழையும் சேர்ந்தே போய்விடும். 2017-இல் டெர்மினேட்டர் 2 படத்தை 3டி-க்கு மாற்றும் வேலையோடு சேர்த்து 4கே மாஸ்டர் செய்தார்கள். அதிலிருந்து வந்த டிஸ்க்கில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் இருக்கின்றன என்ற புகார் இன்றுவரை ஓயவில்லை. அந்தத் தொகுப்போடு ரோபோ கை ஒன்று வைத்து விற்ற பதிப்பும் உண்டு. கை பிரமாதம்.

2024 மார்ச்சில் ஏலியன்ஸ், தி அபிஸ் படங்களின் 4கே டிஸ்க்குகள் வந்தபோதும் இதே விவாதம். துகள்களைக் குறைத்து, மென்பொருளால் கூர்மை ஏற்றிய மாஸ்டர்கள் அவை. ஜேம்ஸ் கேமரூன் ஒப்புதலோடுதான் செய்தார்கள்; இருந்தும் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். என் கருத்து: ஏலியன்ஸ் பழைய ப்ளூரேயை வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்துவிட வேண்டாம். தி அபிஸ் விஷயம் வேறு. அதற்கு அதுவரை முறையான ப்ளூரேயே கிடையாது. 2000-இல் வந்த டிவிடி அகலத்திரைத் தொலைக்காட்சிக்குப் பொருந்தாத பழைய முறையில் இருந்தது. குறையோடு வந்தாலும் அந்த டிஸ்க் பெரிய முன்னேற்றம்.

வண்ணமும் மாறும். மேட்ரிக்ஸ் படத்தின் 2000-களின் டிஸ்க்குகளில் பச்சை தூக்கலாக இருக்கும். தியேட்டரில் அவ்வளவு இல்லை. ஒளிப்பதிவாளர் பில் போப் மேற்பார்வையில் 2018-இல் வந்த 4கே பதிப்பு அதைச் சரிசெய்தது. பச்சைக்குப் பழகிய கண்ணுக்கு அது தவறாகத் தெரிகிறது என்பது இதில் வேடிக்கை.

எந்த வெர்ஷன் உள்ளே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னட்டையில் ஓட்ட நேரத்தைப் பாருங்கள். இரண்டு எச்சரிக்கை. டைரக்டர்ஸ் கட் என்றாலே நீளம் என்று நினைக்காதீர்கள். 2003-இல் வந்த ஏலியன் டைரக்டர்ஸ் கட் தியேட்டர் வெர்ஷனைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் குறைவு. அடுத்தது, 'பால்' (PAL) என்ற ஐரோப்பாவின் பழைய தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடிகள் நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமாக ஓட்டும். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். எதையும் வெட்டவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. குரல்களும் லேசாகக் கீச்சென்று ஒலிக்கும்.

ஒரே டிஸ்க்கில் இரண்டு மூன்று வெர்ஷன்கள் எப்படி அடங்குகின்றன என்றும் கேட்கிறார்கள். பொதுவான காட்சிகளை ஒருமுறைதான் பதிவார்கள். மாறும் இடங்களை மட்டும் தனியாக வைத்து, நீங்கள் தேர்ந்தெடுத்தபடி பிளேயர் தாவித் தாவி இணைத்துக் காட்டும். சீம்லெஸ் பிராஞ்சிங் என்பது அதன் பெயர். குளோஸ் என்கவுண்டர்ஸ் படத்தின் 1977, 1980, 1998 வெர்ஷன்கள் 2007 ப்ளூரேயில் இப்படித்தான் வந்தன. பழைய பிளேயர்களில் தாவும் இடத்தில் ஒரு கணம் திக்கலாம்.

ஸ்டார் வார்ஸ் முதல் மூன்று படங்கள், தியேட்டரில் வந்த அதே வடிவில் டிஸ்க்கில் கிடைக்குமா?

நல்ல தரத்தில் கிடைக்காது. 1997 ஸ்பெஷல் எடிஷனில் தொடங்கி, 2004 டிவிடி, 2011 ப்ளூரே என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது மாறியது. 2011-இல் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' இறுதியில் டார்த் வேடருக்கு ஒரு 'நோ' அலறலைச் சேர்த்தார்கள்; ரசிகர்கள் அதைவிடப் பலமாக அலறினார்கள். பழைய வடிவம் 2006-இல் டிவிடி தொகுப்புகளின் கூடுதல் டிஸ்க்காக வந்தது. ஆனால் 1993 லேசர்டிஸ்க்குக்காகச் செய்த மாஸ்டரையே எடுத்துப் போட்டிருந்தார்கள். இன்றைய டிவியில் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டத்துக்குள் சின்னதாகத் தெரியும். 2020-இல் 27 டிஸ்க்குகளோடு வந்த பெட்டியிலும் பழைய வடிவம் இல்லை.

ஐமேக்ஸில் பார்த்த முழு உயரப் படம் டிஸ்க்கில் வருமா?

படத்துக்குப் படம் மாறும். இன்டர்ஸ்டெல்லர் டிஸ்க்கில் ஐமேக்ஸ் காட்சிகள் வரும்போது மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் மறைந்து திரை நிறையும். ஆனால் ஐமேக்ஸ் ஃபிலிமின் 1.43 விகிதம் (அகலத்தை உயரத்தால் வகுத்தது) முழுமையாக வராது. வீட்டுத் திரையின் 1.78 வரைதான். 2021 டூன் 4கே டிஸ்க் முழுக்க 2.39 விகிதத்திலேயே ஓடும். பின்னட்டையில் விகிதம் ஒன்றுதான் அச்சிட்டிருக்கிறதா, இரண்டா என்று பாருங்கள்.

ஃபிரேம் வேகமும் இதே மாதிரிதான். 'அவதார்: த வே ஆஃப் வாட்டர்' சில தியேட்டர்களில் 48 ஃபிரேம் வேகத்தில் ஓடியது, டிஸ்க்கில் 24 மட்டுமே. 'ஜெமினி மேன்' 4கே டிஸ்க் 60 ஃபிரேமில் இருப்பது அபூர்வமான விதிவிலக்கு.

ரீஜன் கோடு பிரச்சினை இன்னும் இருக்கிறதா?

ரீஜன் கோடு என்பது ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் பூட்டு. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது. எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். கூடவே வரும் சாதாரண ப்ளூரேக்கு இருக்கலாம். கூடுதல் அம்சங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும் என்பதால் இதைக் கவனியுங்கள். ப்ளூரேயில் மூன்று ரீஜன். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா 'ஏ'. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா 'பி'. இந்தியா, சீனா, ரஷ்யா 'சி'. பல ஸ்டுடியோக்கள் ப்ளூரேயிலும் பூட்டுப் போடுவதில்லை. டிவிடியில்தான் தொல்லை அதிகம்.

என்னிடம் கேம் கன்சோல் இருக்கிறது. அதில் 4கே டிஸ்க் ஓடுமா?

டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரீஸ் எக்ஸ் ஆகியவற்றில் ஓடும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோவில் ஓடாது. 4கே என்று விளம்பரம் செய்ததால் ஏமாந்தவர்கள் நிறைய. டிஸ்க்கில் உள்ள டால்பி விஷன் என்ற மேம்பட்ட ஹெச்டிஆர் இந்தக் கன்சோல்களில் வராது, ஹெச்டிஆர்10 என்ற அடிப்படை வகையாகத்தான் தெரியும். அது வேண்டுமென்றால் தனி பிளேயர் வாங்க வேண்டும். கணினி வேண்டவே வேண்டாம்: இதற்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியை இன்டெல் புதிய டெஸ்க்டாப் சிப்களிலிருந்து எடுத்துவிட்டது.

3டி டிஸ்க்?

பார்க்கக் கருவி இருந்தால் மட்டும். பிளேஸ்டேஷன் 5-இல் 3டி ப்ளூரே கிடையாது.

ஸ்டீல்புக் வாங்கலாமா?

ஸ்டீல்புக் என்பது டிஸ்க் வரும் உலோகப் பெட்டி. அழகுக்கு வாங்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கும் அதே டிஸ்க். கொரியாவின் நோவா மீடியா, ஹாங்காங்கின் மாண்டா லேப் போன்றவை லென்டிகுலர் அட்டை (சாய்த்தால் படம் மாறுவது), முழு உறை, எண்ணிட்ட அட்டை என்று ஒரே படத்துக்கு மூன்று நான்கு வகை உறை போடுவார்கள். நான்கிலும் ஒரே டிஸ்க். உலோகப் பெட்டி தபாலில் வரும்போது மூலையிலும் முதுகிலும் நசுங்கும். நசுங்கிய பெட்டிக்கு மறுவிற்பனை மதிப்பு சரிந்துவிடும். வந்ததும் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். பின்பக்க விவர அட்டை ஒட்டுப் பசையில் தொங்கும். வெடுக்கென்று பிய்க்காமல் விரலால் பசையை உருட்டி எடுங்கள்.

விலை ஏறும் என்று முதலீடாக வாங்குகிறார்களே?

வேண்டாம். புதிய மாஸ்டர் வந்த அன்றே பழைய பெட்டியின் மதிப்பு விழும். ஏறுவது எது என்றால், மறுபடி அச்சிட முடியாத பொருள் உள்ளே இருப்பது. 2015-இல் இன்டர்ஸ்டெல்லர் ப்ளூரேயின் முதல் பதிப்பில் 70 மிமீ ஐமேக்ஸ் ஃபிலிம் துண்டு ஒன்று வைத்தார்கள். எந்த ஃபிரேம் வரும் என்பது அதிர்ஷ்டம். நல்ல காட்சி வந்தவர்கள் ஏலத்தில் நல்ல விலைக்கு விற்றார்கள். வெறும் இருட்டு வந்தவர்களும் உண்டு.

பழைய டிஸ்க்குகள் கெட்டுப்போகும் என்பது உண்மையா?

சில கெட்டுப்போகும். டிவிடி என்பது 0.6 மிமீ தகடுகள் இரண்டை ஒட்டியது. ஒட்டு சரியில்லாவிட்டால் காற்று புகுந்து நடுவிலுள்ள பிரதிபலிப்புப் படலம் அரிக்கும். டிஸ்க் ராட் என்பது இதுதான். 2006 முதல் 2008 வரை தயாரான தங்கள் டிவிடிகளில் சில இப்படிப் பழுதாவதை வார்னர் நிறுவனம் 2025-இல் ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தது. அந்த ஆண்டுகளின் டிஸ்க்குகளை முழுதாக ஓட்டிப் பாருங்கள். பழுது பெரும்பாலும் படத்தின் பின்பாதியில்தான் தலைகாட்டும். வெளிப்பார்வைக்குக் கீறல் ஏதும் இருக்காது.

புது 4கே டிஸ்க் நடுவில் உறைந்து நிற்கிறது. டிஸ்க் பழுதா?

முதலில் துடையுங்கள். ப்ளூரே வகையில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மிமீ ஆழத்தில்தான் இருக்கிறது. 100 ஜிபி டிஸ்க்கில் அப்படி மூன்று அடுக்குகள். ஒரு கைரேகை போதும். மைக்ரோஃபைபர் துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. பிறகு பிளேயரின் ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். அதற்கும் சரியாகாமல், இன்னொரு பிளேயரிலும் அதே இடத்தில் நின்றால்தான் டிஸ்க் மேல் குற்றம்.

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் இருக்கும்போது ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

4கே டிஸ்க் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். ஸ்ட்ரீமிங்குக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். புகை, பனி, தூசிப்புயல், பொறி பறக்கும் வெடிப்பு போன்ற காட்சிகளில் இந்த இடைவெளி கட்டம் கட்டமாகத் தெரியும். சயின்ஸ் ஃபிக்‌ஷனில் இவை இல்லாத படம் ஏது? ஒலியில் வித்தியாசம் இன்னும் அதிகம். டிஸ்க்கில் அட்மாஸ் என்ற சுற்றொலி இழப்பில்லாமல் வரும், ஸ்ட்ரீமிங்கில் சுருக்கப்பட்டு வரும். அப்புறம், அலமாரியில் இருக்கும் வெர்ஷனை யாரும் இரவோடு இரவாக மாற்ற முடியாது.

இன்னும் எத்தனை காலம் டிஸ்க் வரும்?

பொதுச் சந்தை சுருங்கிவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் 2023 செப்டம்பரில் டிவிடி வாடகையை நிறுத்தியது. அமெரிக்கக் கடைத்தொடரான பெஸ்ட் பை 2024-இல் டிஸ்க் விற்பனையைக் கைவிட்டது. அதே ஆண்டு டிஸ்னி, அமெரிக்கா, கனடாவுக்கான தன் டிஸ்க் வேலையை சோனியிடம் ஒப்படைத்தது. ஓப்போவும் சாம்சங்கும் எப்போதோ பிளேயர் தொழிலை விட்டுப் போய்விட்டன. மறுபக்கம் ஆரோ, செகண்ட் சைட், க்ரைட்டீரியன் போன்ற சிறு நிறுவனங்கள் பழைய படங்களை முன்னைவிடச் சிரத்தையாகக் கொண்டுவருகின்றன. 1984 டூன் படத்துக்கு 2021-இல் ஆரோ செய்த 4கே பதிப்பு அதற்குச் சாட்சி. டிஸ்க்கைவிட பிளேயரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நல்ல பிளேயர் ஒன்றை இப்போதே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

பழைய பெட்டி வாங்கும்போது தயாரிப்புக் குறை உள்ள டிஸ்க்கா என்று எப்படித் தெரியும்?

படத்தின் பெயரோடு அந்தப் பதிப்பின் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பெரிய குறைகள் எல்லாம் பதிவாகியிருக்கும். 2002 'பேக் டு த ஃப்யூச்சர்' டிவிடி தொகுப்பில் இரண்டாம், மூன்றாம் படங்களின் ஃபிரேமிங் சில காட்சிகளில் தவறாக இருந்தது. யூனிவர்சல் திருத்திய டிஸ்க்குகளைத் தபாலில் மாற்றிக் கொடுத்தது. மாற்றாத பெட்டிகள் இன்னும் பழைய பொருள் சந்தையில் சுற்றுகின்றன. திருத்திய டிஸ்க்கில் 'வி2' என்ற குறி இருக்கும். விற்பவரிடம் பெட்டியின் படத்தை மட்டும் வாங்கிப் பயனில்லை. அந்தக் குறி தெரியும்படி இரண்டாவது, மூன்றாவது டிஸ்க்கைத் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.